பெங்களூருவில் பிளாட்டிபஸ் வளர்க்கலாமா?

வாசகர் கேள்வி, மார்ச் 6
இந்திரா நகரில் சொந்த வீடு. மொட்டை மாடியில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு சிமெண்ட் தொட்டி சும்மா கிடக்கிறது. வாத்து போல அலகும் உடம்பெல்லாம் ரோமமும் உள்ள ஆஸ்திரேலிய நீர்விலங்கு பிளாட்டிபஸ், என் மகளுக்கு அது என்றால் உயிர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான், "மெல்போர்னும் பெங்களூரும் ஒரே மாதிரி கிளைமேட்தான், தாராளமா வளர்க்கலாம்" என்கிறான். பர்மிட் எங்கே வாங்குவது? செலவைப் பற்றிக் கவலை இல்லை.

மார்ச் 6, இரவு
தம்பி, பர்மிட் எங்கேயும் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் ஓடைக்கரையிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவருக்கும் பிளாட்டிபஸை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. உயிரியல் பூங்காக்கள், ஆராய்ச்சியாளர்கள், அடிபட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கிறவர்கள், இவர்கள்தான் உரிமம் வாங்கி வைத்திருக்க முடியும். அந்த நாட்டுக் காட்டு விலங்கைச் செல்லப்பிராணியாக வெளிநாட்டுக்கு அனுப்ப 1999-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. பெரிய பெரிய வெளிநாட்டுப் பூங்காக்களுக்கே கிடைப்பதில்லை. 2019-இல் சிட்னியின் டாரொங்கா பூங்காவிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமெரிக்காவின் சான் டியாகோ சஃபாரி பூங்காவுக்குப் போயின. அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆஸ்திரேலியாவுக்கு வெளியே ஒரு பூங்காவிலும் பிளாட்டிபஸ் இல்லை.

சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நான் பல வருடமாக மீன் வளர்க்கிறவன். தண்ணீர், சூடு, தீனி, இந்த மூன்றோடும் மல்லுக்கட்டித்தான் என் பொழுது போகிறது. உங்கள் தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

மார்ச் 7
முதலில் சூடு. பிளாட்டிபஸின் உடல் வெப்பநிலை சுமார் 32 டிகிரிதான். நமக்கு 37. நாய், பூனை எல்லாம் நம்மைவிட ஒரு டிகிரி கூடுதல். இந்த விலங்கு குளிருக்கென்றே அமைந்தது. பனி உருகி ஓடும் ஓடையில், உறைநிலையை ஒட்டிய தண்ணீரில்கூட மணிக்கணக்கில் நீந்தி இரை தேடும், உடம்புச் சூடு இறங்காது. அவ்வளவு அடர்த்தியான ரோமம். அதே ரோமம் வெயில் காலத்தில் அதற்கு எதிரி ஆகிவிடுகிறது. காற்று 30 டிகிரியைத் தாண்டினால் குளிர்ந்த தண்ணீரோ மண்ணுக்குள் இருக்கும் வளையோ இல்லாமல் அதனால் தாங்க முடியாது.

பெங்களூருக்கு வருவோம். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ராத்திரி சில்லென்று காற்று வரும், எல்லாம் சரி. ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி பதிவானது. அது உச்சம். சாதாரண மார்ச், ஏப்ரலிலேயே 34, 35 வந்துவிடுகிறது. அது நிழலில் எடுக்கிற அளவு. மொட்டை மாடித் தொட்டியின் நிலைமை வேறு. பகல் ஒரு மணிக்கு மாடிக் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாருங்கள், முதலில் வருகிற தண்ணீரில் கை வைக்க முடியாது.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் போடலாமே என்று கேட்பீர்கள். எட்டுக்குப் பத்து, மூன்றடி ஆழம் என்று வைத்தால் சுமார் 6,800 லிட்டர். வீட்டு மீன்தொட்டிச் சில்லரெல்லாம் சில நூறு லிட்டருக்குத்தான் சரிவரும். திறந்தவெளியில் வெயில் படும் இவ்வளவு தண்ணீருக்கு வணிக அளவு மெஷின் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். கோடையில் கரண்ட் போனால் என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். ஒராண்டா பொன்மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஃப்ரீசரில் உறைய வைத்திருக்கும் இரண்டு லிட்டர் பாட்டில்களை எடுத்துத் தொட்டியில் மிதக்க விடுவோம். பாட்டரி ஏர் பம்ப்பைப் போட்டுவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். இது ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டிக்கு.

மீனுக்கு ஆக்சிஜன் பிரச்சினை. பிளாட்டிபஸ் காற்றைச் சுவாசிக்கிறது, அதனால் அந்தப் பிரச்சினை அதற்கு இல்லை. உள்ளே ஏறிய சூட்டை வெளியே விட வழியில்லாமல் தவிப்பதுதான் அதன் பிரச்சினை.

மார்ச் 7, கொஞ்ச நேரம் கழித்து
"குயின்ஸ்லாந்தும் வெயில் ஊர்தானே, அங்கே இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. குக்டவுன் பக்கத்திலிருந்து தெற்கே டாஸ்மேனியா வரைக்கும் கிழக்குக் கரையோரம் முழுக்க அது வாழ்கிறது. ஆனால் வெப்ப மண்டலத்தில் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். மரம் மூடிய மலை ஆறு, மேட்டு நிலத்து ஓடை. வெயில் நேரத்தில் கரைக்குள் தோண்டிய வளையில் படுத்திருக்கும், இருட்டிய பிறகு வெளியே வரும். வளைக்குள் கோடையிலும் குளிர்ச்சி மாறாது. அதைக் காப்பாற்றுவது அந்த மண்கரையும் மர நிழலும். மொட்டை மாடியில் இரண்டும் கிடையாது.

மார்ச் 9
இந்தச் சூட்டு விஷயத்துக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அதை எழுதாமல் மேலே போக முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943-இல், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு ஒரு பிளாட்டிபஸ் வேண்டும் என்று ஆசை வந்தது. ஆஸ்திரேலிய அரசும் மறுக்க முடியாமல் ஒரு இளம் ஆணைப் பிடித்து, அதற்கு வின்ஸ்டன் என்று அவர் பெயரையே வைத்து, கப்பலில் ஏற்றி அனுப்பியது. அந்த விலங்கைப் பற்றி அன்றைக்கு யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் டேவிட் ஃப்ளே. பயணத் தொட்டியை அவர்தான் ஏற்பாடு செய்தார். தனியாக ஓர் ஆள் கவனித்துக்கொண்டார். கப்பல் இங்கிலாந்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வின்ஸ்டன் இறந்துவிட்டது. ஜெர்மன் நீர்மூழ்கியை விரட்டப் போட்ட வெடிகளின் அதிர்ச்சியில் செத்தது என்றுதான் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்மையில் பயணக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டிய நாட்களில் வெப்பம் 27 டிகிரிக்கு மேலே ஏறி இருந்ததைக் கண்டார்கள். அந்தச் சூட்டிலேயே அதன் உடம்பு ஒடுங்கியிருக்கிறது.

27 டிகிரி, தம்பி. அது நம் ஊரில் சாதாரண நாள்.

ஒரு நாட்டின் பிரதமர் கேட்டு, இன்னொரு நாட்டின் அரசு முன்னின்று, அந்தத் துறையின் மிகச் சிறந்த ஆளே ஏற்பாடு செய்தும் காப்பாற்ற முடியவில்லை. செலவைப் பற்றிக் கவலை இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 10
தண்ணீர். குழாயில் வருவது காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் பண்ணி, குளோரின் போட்டு வருகிறது. மீன் வளர்ப்பவர்கள் அதை அப்படியே ஊற்ற மாட்டோம். ஒரு நாள் திறந்து வைப்போம், இல்லாவிட்டால் ஆன்டி குளோரின் சொட்டு விடுவோம். போர்வெல் தண்ணீர் என்றால் உப்பும் சுண்ணாம்பும் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கும் நிலைக்கு ஊர் வந்ததை எல்லாரும் பார்த்தோம். தினமும் அழுக்காகிற 6,800 லிட்டரை மாற்றிக்கொண்டே இருப்பது எப்படி?

அதுவும் நின்ற தண்ணீராக இருந்தால் போதாது. ஓர் ஆண் பிளாட்டிபஸ் ஆற்றில் பல கிலோமீட்டர் நீளத்தைத் தன் இடமாக வைத்துக்கொண்டு சுற்றும். ஒரு முங்கல் அரை நிமிடம், ஒரு நிமிடம் இருக்கும். மேலே வந்து மூச்சு வாங்கும், மறுபடி முங்கும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதையே செய்யும்.

மார்ச் 10, இரவு
ஒன்று விட்டுப்போனது. கரையேறிய பிறகு ரோமம் காய வேண்டும். பூங்காக்களில் தொட்டியிலிருந்து படுக்கும் பெட்டிக்கு ஒடுக்கமான சுரங்கப்பாதை போல அமைத்துவிடுவார்கள். அதில் நெருக்கிக்கொண்டு போகும்போது ரோமத்தில் இருக்கும் தண்ணீர் பிழிந்து வெளியேறும். 1910 வாக்கில் ஹாரி பரல் என்ற இயற்கை ஆய்வாளர் முதன்முதலாக பிளாட்டிபஸைக் கூட்டில் வைத்துப் பராமரித்தபோதே இதைக் கவனித்து அதற்கேற்பக் கூடு செய்தார். வெறும் சிமெண்ட் தொட்டியில் ஈரத்தோடு கிடந்தால் ஆபத்து.

மார்ச் 12
தீனி. இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பார்க்க முயல் அளவுக்குக்கூட இல்லையே, என்ன பெரிதாகச் சாப்பிட்டுவிடும் என்றுதான் தோன்றும்.

ஒரு நாளைக்குத் தன் எடையில் 15 முதல் 30 சதவீதம் வரை சாப்பிடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பிளாட்டிபஸ் என்று வையுங்கள், ஐந்தில் ஒரு பங்கு என்றால் தினம் 300 கிராம். மாதம் ஒன்பது கிலோ. என்ன ஒன்பது கிலோ? நன்னீரில் வாழும், கொடுக்கு வைத்த இறால் போன்ற ஓர் இனம், அங்கே யாபி என்பார்கள். அப்புறம் மண்புழு, நீர்ப்பூச்சிகளின் புழுக்கள். பெரும்பாலும் உயிரோடு வேண்டும்.

அது இரை தேடும் விதம் அப்படி. தண்ணீருக்குள் போனதும் கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டுவிடும். அந்த அலகு வாத்து அலகு போலக் கெட்டியானதில்லை. மிருதுவான தோல், அதில் சுமார் 40,000 மின் உணரிகள். ஒரு இறால் வாலை அசைத்தால் அதன் தசையில் ஓடும் மிக நுண்ணிய மின்துடிப்பை அது பிடித்துவிடும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே போய்க் கல்லைப் புரட்டி இரையைக் கன்னப் பைக்குள் சேர்க்கும். மேலே வந்து மிதந்தபடி அரைத்து விழுங்கும். வளர்ந்ததற்குப் பல் கிடையாது, கொம்புத் தன்மையுள்ள தட்டுகள்தான். அமிலம் சுரக்கும் இரைப்பையும் இல்லை. உணவுக்குழாய் நேராகக் குடலோடு சேர்கிறது.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இறால் உண்டு, நண்டு உண்டு. பெரும்பாலும் ஐஸில் கிடக்கும், கடல் சரக்கு. உயிருள்ள நன்னீர் இறால் தினமும் 300 கிராம் என்று எந்தக் கடைக்காரரும் வாக்குக் கொடுக்க மாட்டார். மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் புழு கிடைக்கும். அது சாணத்தில் வளர்ந்ததா, மருந்தடித்த காய்கறிக் கழிவில் வளர்ந்ததா என்று யார் சொல்வது?

மீன் வளர்ப்பவர்களுக்கு டியூபிஃபெக்ஸ் என்ற தீனிப்புழு தெரிந்திருக்கும். கடையில் பிளாஸ்டிக் கவரில் சிவப்பாக ஒரு உருண்டை, நெளிந்துகொண்டிருக்கும். கழிவுநீர் ஓடும் கால்வாய்ச் சேற்றில் அள்ளுவது. வாங்கி வந்ததும் தட்டில் போட்டு, குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து, நாள் முழுக்க அலச வேண்டும். முதலில் வரும் கறுப்புத் தண்ணீரும் அந்த நாற்றமும் மறக்காது. செத்த புழு வெளுத்து ஓரத்தில் ஒதுங்கும், அதைப் பொறுக்கி எறிய வேண்டும். அவ்வளவு செய்தும் மீனுக்கு வயிறு ஊதிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு நான் டியூபிஃபெக்ஸ் வாங்குவதை விட்டுவிட்டேன். நம் ஊரில் உயிர்த்தீனி என்றால் பெரும்பாலும் இந்த நிலைமைதான்.

மார்ச் 13
குழந்தை இருக்கிற வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். ஆண் பிளாட்டிபஸின் பின்னங்கால் இரண்டிலும் கணுக்கால் பக்கம் முள் உண்டு, அதில் விஷம் ஏறும். இணை சேரும் காலத்தில் விஷம் அதிகமாகச் சுரக்கும். அதனால் மனிதர் யாரும் செத்ததாகப் பதிவில்லை. ஆனால் வலி சாதாரண வலி இல்லை. கீத் பெய்ன் என்ற ஆஸ்திரேலிய ராணுவ வீரர், விக்டோரியா கிராஸ் பதக்கம் வாங்கியவர், 1991-இல் சிக்கிக் கிடந்த ஒரு பிளாட்டிபஸைக் காப்பாற்றப் போனபோது கையில் குத்து வாங்கினார். போரில் குண்டுச் சிதறல் பட்டதைவிட மோசமான வலி என்றார். ஒரு மாதம் கழித்தும் வலி இருந்தது. பல ஆண்டுகள் ஆகியும் சுத்தியல் பிடித்தால் கை விறைத்தது. மார்ஃபின் கொடுத்தாலும் இந்த வலி அடங்காது. நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிதான் உதவும். விஷமுறிவு மருந்து கிடையாது.

மார்ச் 13, பின்னிரவு
"அப்போ பெண் பிளாட்டிபஸ் வாங்கிக்கலாம்" என்று உடனே ஒருவர் எழுதியிருக்கிறார். குட்டியில் பெண்ணுக்கும் முள் இருக்கும், ஒரு வயதுக்குள் உதிர்ந்துவிடும். அதற்கப்புறம் குத்தாது, உண்மைதான். சூடு, தண்ணீர், தீனி பற்றி மேலே எழுதிய எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 15
"ஜூவில் வளர்க்கிறார்களே, அப்போ முடியும் என்றுதானே அர்த்தம்?"

அவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று பாருங்கள். 1922-இல் நியூயார்க் பிராங்ஸ் பூங்காவுக்கு முதல் பிளாட்டிபஸ் உயிரோடு போய்ச் சேர்ந்தது. அதோடு கப்பலேறிய மற்றவை வழியிலேயே இறந்துவிட்டன. போய்ச் சேர்ந்ததும் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. 1947-இல் அதே பூங்காவுக்கு மூன்று போயின: பெனலோப்பி, செசில், பெட்டி. பெட்டி சீக்கிரமே இறந்தது. மற்ற இரண்டும் பத்து வருடம் போல இருந்தன. 1953-இல் பெனலோப்பி வளை தோண்டி இலையெல்லாம் இழுத்துக்கொண்டு உள்ளே போனபோது குட்டி பிறக்கப் போகிறது என்று ஊரே காத்திருந்தது. கடைசியில் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. 1957-இல் பெனலோப்பி கூட்டிலிருந்து தப்பிப் போனது, கிடைக்கவே இல்லை. செசிலும் அதே வருடம் இறந்தது. 1958-இல் இன்னும் மூன்று கொண்டுவந்தார்கள், ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலேயே, மெல்போர்ன் பக்கத்தில் ஹீல்ஸ்வில் சரணாலயத்தில், மேலே சொன்ன டேவிட் ஃப்ளேயிடம் ஜாக், ஜில் என்று ஒரு ஜோடி இருந்தது. 1943 கடைசியில் அவற்றுக்குக் குட்டி பிறந்தது, கோரி என்று பெயர் வைத்தார்கள். கூட்டில் வைத்த பிளாட்டிபஸுக்குக் குட்டி பிறந்தது அதுதான் முதல் தடவை. அடுத்ததாகக் குட்டி பிறந்து பிழைத்து வளர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதே ஹீல்ஸ்வில்லில் 1998-இல்தான் நடந்தது.

இவர்கள் இந்த விலங்குக்காகவே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள். பின்னால் ஒரு மருத்துவமனை, ஒரு ஆய்வுக்கூடம், தினமும் உயிர்த்தீனி வளர்க்கிற ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். அவர்களுக்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

மார்ச் 16
பெயர் சொல்லாமல் ஒரு விஷயம். "எல்லா எக்ஸாட்டிக் விலங்கும் கிடைக்கும், போன் பண்ணுங்க" என்று இங்கே ஒருவர் எழுதிவிட்டு அழித்திருக்கிறார். அழிப்பதற்கு முன் நான் படித்துவிட்டேன்.

2023 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் டிராலி பையில் 234 விலங்குகள் இருந்தன. மலைப்பாம்பு, பச்சோந்தி, இகுவானா என்ற பெரிய ஓணான், ஆமை, முதலைக் குட்டி. அவற்றோடு ஒரு கங்காரு குட்டி, மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மேற்கு வங்கத்தில் ஜல்பாய்குரி பக்கம் சாலையோரம் கங்காருகள் எலும்பும் தோலுமாக அலைந்ததை வீடியோவில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். யாரோ ஒருவர் வீட்டில் வைக்க ஆசைப்பட்டதுதான் அந்தப் பைக்குள் போகிறது. அந்த நம்பருக்கு யாரும் போன் பண்ணாதீர்கள். பண்ணினால் பணம் போகும், போலீஸ் வரும். நிஜமாகவே ஒரு விலங்கு வந்து சேர்ந்தாலும் அது பிளாட்டிபஸாக இருக்காது, வழியில் பாதி செத்த வேறு ஏதோவாக இருக்கும்.

மார்ச் 18
ஆமை பற்றி ஒருவர் கேட்டதால் கொஞ்சம் வழி விலகுகிறேன், ஆனால் விஷயம் ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகச் சிவப்புக் காது ஆமைக் குட்டி வாங்கிக் கொடுத்தார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த சின்னத் தட்டு. அமெரிக்க ஆமை அது. பத்து அங்குலத்துக்கு மேல் வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. தட்டிலிருந்து பக்கெட்டுக்கு வந்தது, பக்கெட்டிலிருந்து குளியலறைத் தொட்டிக்கு வந்தது. வெயில் படாமல் ஓடு மெத்தென்று ஆனது. ஒரு நாள் அந்த வீட்டம்மா அதைத் துணிப்பையில் போட்டு அல்சூர் ஏரிக்கு எடுத்துக்கொண்டு போனார். "ஏரியில் நிம்மதியா இருக்கட்டும்" என்றுதான் நினைத்தார், அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்கிற இனம் அது. உலகில் மிகவும் கெடுதல் செய்யும் அந்நிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். பெரிய தொட்டி, தினம் வெயில், ஏறி உட்கார ஒரு கல், இது போதும் அதற்கு.

அந்தப் பையனுக்கு ஆமை மேல் இருந்த ஆசை பொய்யில்லை. பெரியவர்கள் கொஞ்சம் விசாரித்து வாங்கியிருக்கலாம்.

மார்ச் 19
"அழிந்து வரும் விலங்கு என்கிறார்கள், நாலு பேர் வீட்டில் வளர்த்தால் இனம் பிழைக்குமே" என்று எழுதியவருக்கு.

அழிவை நெருங்கும் இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். விக்டோரியா மாநிலம் 2021-இல் ஆபத்துக்குள்ளான இனமாக அறிவித்தது. காரணம் அணை, வறட்சி, கரையோர மரங்களை வெட்டுவது, நகரத்துச் சாக்கடை, காட்டுத் தீ. ஒரு ஜோடியிடம் குட்டி எடுக்கப் பூங்காக்களே எப்படித் திண்டாடின என்று நாலு நாள் முன்னால் எழுதினேன், வீட்டில் நடக்கும் என்று எண்ணவே வழியில்லை. ஆற்றைச் சரிசெய்தால் பலன் இருக்கிறது. சிட்னிக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவில் அரை நூற்றாண்டாக பிளாட்டிபஸ் இல்லாமல் இருந்தது. 2023-இல் வேறு ஆறுகளிலிருந்து பத்தைக் கொண்டுவந்து விட்டு, டிரான்ஸ்மிட்டர் வைத்துக் கண்காணித்தார்கள். பிறகு அங்கேயே பிறந்த குட்டியும் அகப்பட்டது.

மார்ச் 21
கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாராம். வின்ஸ்டன் கதையில் பாப்பா அழுதுவிட்டதாம். முட்டை போடுகிற விலங்கு எப்படிப் பால் கொடுக்கும் என்று கேட்கிறதாம்.

பாப்பாவுக்குச் சொல்லுங்கள்: அம்மா பிளாட்டிபஸ் வளைக்குள் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவில் வைத்து, சுருண்டு படுத்துப் பத்து நாள் போல அடைகாக்கும். பொரித்து வருவது மொச்சைக் கொட்டை அளவுக்குத்தான் இருக்கும். அம்மாவுக்குக் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் இரண்டு இடத்தில் பால் கசியும், குட்டி ரோமத்திலிருந்து நக்கிக் குடிக்கும். மூன்று, நான்கு மாதம் வளைக்குள்ளேயேதான்.

இதை நம்ப ஐரோப்பிய அறிஞர்களுக்கு நூறு வருடம் போல ஆனது. 1799-இல் ஜார்ஜ் ஷா லண்டனில் ஒரு பதப்படுத்திய தோலை வைத்து விவரித்தபோது யாரோ வாத்து அலகைத் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. 1884-இல் கால்டுவெல் என்ற இளைஞர், திருநெல்வேலி கால்டுவெல் இல்லை, வில்லியம் கால்டுவெல் என்ற விலங்கியலாளர், குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றில் முட்டையை நேரில் கண்டு தந்தி அடித்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அங்கே இருந்த பழங்குடி மக்களுக்கு அது முட்டையிடும் என்று முன்னமே தெரியும். அவர்கள்தான் அவருக்குத் தேடிக் கொடுத்தார்கள். அவருக்காக ஏராளமான பிளாட்டிபஸ்களையும், அதைப் போலவே முட்டையிட்டுப் பால் கொடுக்கும் எக்கிட்னாக்களையும் கொன்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு அந்தப் பகுதி வேண்டாம்.

மார்ச் 22
தொட்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மேலே நிழல்வலை கட்டி, அல்லி வையுங்கள். கொசுப்புழு தின்ன நம் நாட்டுச் சின்ன மீன் நாலு விடுங்கள், வெளிநாட்டு மீனான கப்பி வேண்டாம்.

பாப்பாவைப் பள்ளி லீவில் ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம், காரில் மூன்று மணி நேரம். எல்லாரும் நாரைக்கும் முதலைக்கும் போவார்கள். அங்கே காவிரியில் நீர்நாய் உண்டு. போன தடவை படகு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும்போது பார்த்தேன். மூன்று தலை வரிசையாக நீந்தி வந்தன. ஒன்று பாறையில் ஏறி, மீனை முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துத் தலையிலிருந்து கடிக்க ஆரம்பித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் படகு வரைக்கும் கேட்டது. ரோமம் நனைந்து முள்முள்ளாக நின்றது. தண்ணீரில் முங்கி இரை தேடுவது, கரையில் வளை, அடர்ந்த ரோமம் எல்லாம் இதற்கும் உண்டு. நம் வீட்டுக் குழாய்க்கு வருகிற அதே ஆற்றில் இருக்கிறது. இதையும் செல்லப்பிராணி ஆக்கலாம் என்று ஆசியா முழுக்கக் குட்டிகளைத் திருடி விற்றதால் 2019-இல் இதன் சர்வதேச வணிகத்தை முழுக்கத் தடை செய்ய வேண்டியதாயிற்று. வளர்க்க முடியுமா என்று அடுத்து கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இதே அளவுக்கு மறுபடியும் எழுதுவேன்.

மார்ச் 24
மெல்போர்ன், சிட்னியில் இருந்து படிக்கிறவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். பார்க்க ஆசை இருந்தால் குயின்ஸ்லாந்தில் யுங்கெல்லா தேசியப் பூங்கா, அங்கே புரோக்கன் ஆற்றின் மேல் மேடை கட்டியிருக்கிறார்கள். விடியற்காலை அல்லது சாயங்காலம் போய் அசையாமல் நில்லுங்கள். தண்ணீரில் குமிழி வரிசையாக வந்தால் அங்கேயே பார்த்துக்கொண்டிருங்கள், அதே பக்கம் மேலே வரும்.

இன்னொன்று. உங்கள் வீட்டு ஷெட்டில் பழைய யாபி வலை இருக்கிறதா பாருங்கள். மேலே மூடி, இரண்டு பக்கமும் வாய் வைத்தது, ஓபரா ஹவுஸ் வலை என்பார்கள். யாபி தின்ன உள்ளே போகும் பிளாட்டிபஸுக்கு வெளியே வரத் தெரியாது, சில நிமிடங்களில் மூச்சடைத்துச் செத்துவிடும். ஒரே வலையில் பல சேர்ந்து செத்திருக்கின்றன. விக்டோரியா 2019-இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021-இலும் தடை செய்துவிட்டன. வாடகை வீடு மாறும்போது முந்தினவர்கள் விட்டுப்போன சாமானோடு இதுவும் கிடக்கும். யாருக்கும் கொடுக்காமல், கத்தரியால் வளையத்தை வெட்டிக் குப்பையில் போடுங்கள். யாபி பிடிக்கத்தான் வேண்டும் என்றால் மேலே திறந்திருக்கும் வலை கடையில் கிடைக்கிறது.